மலை போல் நிற்கும். தண்ணீர் போல் ஓடும்!
ஆரணி அரிசி ஆலைகளில் நெல்லும் தவிடும் காட்டும் வேடிக்கை. அதற்குள் ஓர் ஆபத்து

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். கல்யாண வீட்டார் ஆரணிக்குப் பஸ் ஏறுவது பட்டு எடுக்கத்தான்.

ஆரணிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதுதான் அரிசி!

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்த ஊரிலும், பக்கத்தில் இருக்கும் களம்பூரிலும் அரிசி ஆலைகள் நிறைய இருக்கின்றன. சென்னை மளிகைக் கடைகளில், "ஆரணி அரிசி இருக்கிறதா?" என்று ஊர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

பட்டுத் தொழில், இழையை எண்ணிச் செய்கிற தொழில். ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துவார். அறுந்த இழையை முடிவார். பிறகுதான் மேலே நெய்வார்.

நெல்லை அப்படி எண்ண முடியுமா? முடியாது. அது குவியலாக வருகிறது. குவியலாகக் கிடக்கிறது. குவியலாகவே போகிறது.

ஒரு நெல்லின் குணம் வேறு. கோடி நெல் சேர்ந்த குவியலின் குணம் வேறு. அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால் லாபம். தெரியாமல் போனால் நஷ்டம். சில சமயம், உயிருக்கே ஆபத்து!

கல்லா, தண்ணீரா?

கல்லைத் தரையில் வைத்தால், வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் பரவி ஓடிவிடும்.

நெல் இந்த இரண்டும் இல்லை. கொட்டினால் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு நின்றுவிடும். கோபுரம் போலக் குவிந்து நிற்கும்.

மேலே இன்னும் நெல்லைக் கொட்டுங்கள். குவியல் உயரும். அடியும் அகலும். ஆனால், அதன் சரிவு மட்டும் மாறாது! காய்ந்த நெல்லின் சரிவு ஏறக்குறைய 35 டிகிரி. பத்து மரக்கால் நெல்லானாலும் சரி, பத்து லாரி நெல்லானாலும் சரி, அதே சரிவுதான். நெல் ஈரமாக இருந்தால் குவியல் இன்னும் செங்குத்தாக நிற்கும்.

காரணம் என்ன? உராய்வு. நெல்லின் மேல்தோல் சொரசொரப்பானது. ஒரு நெல் பக்கத்து நெல்லைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி தாங்குகிற வரையில் குவியல் நிற்கும். தாங்காதபோது சரியும்.

உமி, தவிடு, மாவு, உப்பு, சர்க்கரை, சிமெண்டு, உரம், சாயப் பொடி எல்லாமே இந்த ஜாதிதான். நின்றால் கல் மாதிரி. ஓடினால் தண்ணீர் மாதிரி. இவற்றைச் சேர்த்து வைப்பதும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதும் உலகம் முழுவதும் தனி வித்தையாக வளர்ந்திருக்கிறது.

குலுக்கி அளந்த படி

இந்த வித்தையில் ஒரு பகுதியை அந்தக் காலத்து மக்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

படியில் நெல்லை மெதுவாகக் கொட்டினால், நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவே இடைவெளி அதிகம் இருக்கும். படியைக் குலுக்கித் தட்டினால் நெல் நெருங்கி உட்காரும். மேலே இன்னும் ஒரு பிடி கொள்ளும்.

நேர்மை இல்லாதவர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். குத்தகை நெல்லை வாங்கும்போது குலுக்கி அளப்பார்கள். கூலி நெல்லைக் கொடுக்கும்போது தளர அளப்பார்கள்.

அதே படி. அதே நெல். ஆனால், கூலிக்காரன் வீட்டு உலையில் அரிசி குறைந்துவிடும்!

1956ம் ஆண்டு இந்தியாவில் புதிய எடை, அளவுச் சட்டம் வந்தது. 1958 முதல் கிலோ கணக்கு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தானியத்தை அளப்பது போய், நிறுப்பது வழக்கமாயிற்று. தராசில் வைத்த நெல்லை எத்தனை தடவை குலுக்கினாலும் எடை மாறாது. ஏழைக்கு இது பெரிய நன்மை.

ஆனால், எடைக்குள்ளும் ஒரு கள்ளன் ஒளிந்திருக்கிறான். அவன் பெயர் ஈரம்!

100 கிலோவில் 7 கிலோ தண்ணீர்

அறுவடையான நெல்லில் 100க்கு 20 பங்கு ஈரம் இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட 100 கிலோ நெல்லை, 14 பங்கு ஈரம் வரும் வரையில் காயவையுங்கள். பிறகு நிறுத்துப் பாருங்கள். 93 கிலோதான் இருக்கும். 7 கிலோ தண்ணீராகப் போயிற்று!

ஆகவேதான், அரசுக் கொள்முதலில் 100க்கு 17 பங்கு ஈரம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். மழை பெய்து அறுவடை நனைந்துவிட்ட வருஷங்களில், அந்த எல்லையைத் தளர்த்தும்படி தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்பது வழக்கம்.

சேர்த்து வைப்பதற்கு 17 பங்கும் அதிகம். சில மாதம் வைக்க 14 பங்கு இருக்கலாம். அதற்கு மேல் வைப்பதானால் இன்னும் குறைய வேண்டும்.

ஈர நெல்லைக் குவித்து வைத்தால் என்ன ஆகும்?

நெல்லுக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் சூடு பிறக்கும். தனி நெல் என்றால் சூடு காற்றில் போய்விடும். குவியலின் நடுவே சிக்கிய நெல்லின் சூடு எங்கே போகும்? அங்கேயே தங்கும். சூடு ஏறினால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் சூடு மேலும் ஏறும். பூசணம் பிடிக்கும். வண்டு பெருகும். அரிசி மஞ்சளாகிவிடும்.

குவியலின் மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை உள்ளே விட்டால் சுடும்!

நெல்லைப் பல்லில் கடித்து, "கடக்" என்று உடைகிறதா என்று பார்ப்பது விவசாயிகளின் வழக்கம். உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். ஈரம் அளக்கும் கருவி வந்த பிறகும் இந்தப் பல் சோதனை மறையவில்லை.

உள்ளே திறக்கும் கதவு

தானியம் சேர்ப்பது நமக்குப் பழகிய வேலை. வீட்டுக்குக் குதிர், பத்தாயம். பெரிய இடத்துக்குக் களஞ்சியம். தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தில் கட்டிய பெரிய வட்ட நெற்களஞ்சியம் இருக்கிறது.

வடக்கே பாட்னாவில் ஒரு களஞ்சியம் உண்டு. அதன் பெயர் "கோல்கர்". 1770ம் ஆண்டு வங்காளத்திலும் பீகாரிலும் கொடிய பஞ்சம் வந்தது. எத்தனையோ லட்சம் பேர் மாண்டார்கள். இனி ஒரு பஞ்சம் வந்தால் தானியம் இருக்கவேண்டும் என்று, வெள்ளைக்காரக் கம்பெனியார் இதைக் கட்டினார்கள். 1786ல் கட்டி முடித்தவர் காப்டன் ஜான் கார்ஸ்டின்.

கவிழ்த்து வைத்த பானை போன்ற கட்டிடம். உயரம் 29 மீட்டர். வெளிப்புறத்தில் 145 படிகள். படி ஏறிப்போய் உச்சியில் உள்ள துளை வழியாகத் தானியத்தைக் கொட்டவேண்டும். வேண்டும்போது கீழ்க்கதவைத் திறந்து எடுக்கவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கீழே உள்ள கதவுகள் உட்பக்கம் திறப்பவை! உள்ளே மலை மலையாகத் தானியம் இருந்தால், அது கதவை அழுத்திக்கொண்டிருக்கும். கதவை எப்படி உள்ளே தள்ளுவது? அதனால்தான் கோல்கரை ஒருநாளும் முழுக்க நிரப்பவில்லை என்று சொல்வார்கள்.

குவித்த தானியம் பக்கவாட்டிலும் தள்ளும். களஞ்சியம் கட்டுகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

சொம்பைத் தூக்கும் கரண்டி

எவ்வளவு தள்ளும்? இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் யான்சென் என்ற ஜெர்மன் என்ஜினீயர். வருஷம் 1895.

தண்ணீர்த் தொட்டியில் உயரம் இரண்டு மடங்கானால், அடியில் அழுத்தமும் இரண்டு மடங்காகும். ஒடுங்கிய உயரமான தானியத் தொட்டியில் அப்படி இல்லை. ஓரளவுக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும், அடியில் அழுத்தம் கூடுவதே இல்லை!

மீதி எடை எங்கே போயிற்று? சுவருக்குப் போயிற்று. தானியம் சுவரைத் தள்ளுகிறது. தள்ளும்போது உராய்ந்து, தன் எடையைச் சுவரின் மேல் ஏற்றிவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வாய் குறுகிய சொம்பு ஒன்றில் அரிசியை நிறைய நிரப்புங்கள். தட்டித் தட்டி இறுக்குங்கள். மரக்கரண்டியின் காம்பைப் பல தடவை குத்தி எடுங்கள். அரிசி மேலும் இறுகும். கடைசியாகக் காம்பை ஆழமாகக் குத்தி, மெதுவாகத் தூக்குங்கள். சொம்பும் சேர்ந்து மேலே வரும்!

அரிசி காம்பைப் பிடித்திருக்கிறது. சொம்பின் சுவரையும் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்கு இது நல்ல வேடிக்கை. ஆனால், இந்தப் பிடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் பின்னால் ஆளை விழுங்கும் பிடியாக மாறப்போகிறது.

நெல்லைவிட உமி பெரிது

இனி ஆரணி ஆலைக்குள் போவோம்.

லாரியில் நெல் வந்து இறங்குகிறது. தரையில் உள்ள குழியில் நெல்லைக் கொட்டுகிறார்கள். குழியிலிருந்து நெல்லை மேலே தூக்குவது "எலிவேட்டர்". ஓடுகிற பட்டையில் வரிசையாகக் கிண்ணங்கள் கட்டியிருக்கும். கிணற்றில் ஏற்றம் இறைப்பது போல, அவை நெல்லை மொண்டு மேலே கொண்டுபோய்க் கவிழ்க்கும்.

பிறகு சலித்துச் சுத்தம் செய்கிறார்கள். புழுங்கலரிசி என்றால் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்துகிறார்கள். ரப்பர் உருளைகள் உமியை உரிக்கின்றன. அடுத்த யந்திரம் தவிட்டை நீக்கி அரிசியை வெளுப்பாக்குகிறது. குருணையும் கறுப்பு அரிசியும் தனியே பிரிகின்றன. கடைசியில் அரிசி மூட்டையாகிறது.

100 கிலோ நெல் அரைத்தால் என்ன கிடைக்கும்? அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைகள், பச்சரிசி என்றால் 67 கிலோவும், புழுங்கலரிசி என்றால் 68 கிலோவும் திருப்பித் தரவேண்டும் என்பது கணக்கு. உமி ஏறக்குறைய 20 கிலோ. மீதியில் பெரும்பகுதி தவிடு.

20 கிலோ உமிதானே என்று நினைக்காதீர்கள். உமி லேசானது. அந்த 20 கிலோ உமி, 100 கிலோ நெல் இருந்த இடத்தைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும்! ஆலைக்கு வெளியே உமி மலை நிற்பது இதனால்தான்.

உமி வீண் போவதில்லை. நெல் அவிக்கும் பாய்லருக்கு அதுவே விறகு. எரிந்தபின், உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி, மணலில் உள்ள "சிலிக்கா" என்ற பொருள். இரும்பு ஆலைகளிலும் சிமெண்டு வேலையிலும் அது உதவுகிறது. ஆனால், அதிக சூட்டில் எரிந்த சாம்பல் தூசியைத் தினமும் சுவாசித்தால் நுரையீரல் கெடும். சாம்பலை நனைத்து, மூடி எடுத்துப்போவது நல்லது.

தவிட்டின் கதை வேறு. அதில் 100க்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் இருக்கிறது. ஆனால், பச்சரிசித் தவிட்டைச் சேர்த்து வைக்க முடியாது. அரிசியிலிருந்து பிரிந்த உடனே எண்ணெய் கெட ஆரம்பிக்கும். சீக்கிரமே சிக்கல் வாடை வந்துவிடும். உடனே சூடு காட்டவேண்டும். அல்லது எண்ணெய் ஆலைக்கு அனுப்பவேண்டும். புழுங்கல் தவிடு ஏற்கனவே சூடு பட்டது. ஆகவே, அது கொஞ்சம் தாங்கும்.

பட்டுக்கும் பொடி உண்டு

பட்டு நெசவுக்கும் பொடிக்கும் சம்பந்தம் இல்லை என்று எண்ணவேண்டாம். பட்டுக்கு நிறம் கொடுப்பது சாயப் பொடிதான்.

மழைக்காலத்தில் சாய டப்பாவைத் திறந்து வைத்தால், பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கட்டி விழும். பிறகு அதே 10 கிராம் பொடியை நிறுத்துப் போட்டாலும், அதில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். நிறம் வெளுத்துப்போகும். உடலுக்கும் முந்தானைக்கும் சாயம் ஒத்துப்போகவில்லை என்றால், பல நாள் உழைப்பு வீண்!

பொடியைக் கொதிநீரில் நேரே கொட்டினாலும் கட்டி விழும். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகுதான் கரைக்கவேண்டும். கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சும் தாய்மார்களுக்கு இது தெரிந்த பாடம்.

கண்ணுக்குத் தெரியாத பாலம்

அந்தக் காலத்தில் ஆலைகளில் எல்லாம் சாக்கு மூட்டைதான். 75 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி, பலகை மேல் நடந்து அடுக்குவார்கள். சில வருஷத்தில் முதுகு தேய்ந்துவிடும்.

பெரிய தொட்டிகளும் எலிவேட்டர்களும் வந்த பிறகு, பல இடங்களில் அந்தச் சுமை குறைந்தது. இது நல்ல மாறுதல்தான். ஆனால், மூட்டையில் இல்லாத ஒரு தொல்லை தொட்டியில் உண்டு. அதுதான் அடைப்பு.

தொட்டியின் அடிப்பகுதி புனல் போல இருக்கும். இதை "ஹாப்பர்" என்கிறார்கள். அடியில் உள்ள வாயைத் திறந்தால் பொருள் தானாக விழவேண்டும். பல சமயம் விழாது. குறிப்பாக, தவிடு விழாது.

ஏன்? தவிட்டுத் தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டும். வாய்க்கு மேலே வளைவாக இறுகி நிற்கும். கல் வைத்துக் கட்டிய வளைவு எப்படித் தன்னைத் தாங்கிக்கொள்கிறதோ, அப்படி இதுவும் தாங்கிக்கொள்ளும். மேலே இருக்கும் எடை அதை இன்னும் இறுக்கும். சில சமயம் நடுவில் மட்டும் எலிவளை போல ஓட்டை விழுந்து, சுற்றிலும் உள்ள தவிடு அப்படியே நின்றுவிடும்.

உப்பு டப்பாவின் துளை மழைக்காலத்தில் அடைத்துக்கொள்கிறதே, அதே கதைதான்.

தொழிலாளி என்ன செய்வார்? தொட்டியைச் சுத்தியலால் அடிப்பார். தகடு நசுங்கும். நசுங்கிய இடத்தில் தவிடு இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடைப்பு அதிகமாகும்!

இதற்கு வழி கண்டவர் ஆண்ட்ரூ ஜெனிகே. போலந்து நாட்டில் பிறந்த என்ஜினீயர். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பல வருஷம் ஆராய்ந்தார். 1964ல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஒரு பொடி எவ்வளவு ஒட்டும், சுவரில் எவ்வளவு உராயும் என்று முதலில் சோதிக்கவேண்டும். பிறகு அதற்குத் தக்கபடி புனலின் சரிவையும் வாயின் அகலத்தையும் அமைக்கவேண்டும். அப்படிச் செய்தால் அடைப்பே வராது என்று காட்டினார்.

அதாவது, நெல்லுக்குச் செய்த தொட்டியில் தவிட்டைப் போடக்கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஒரு தொட்டி!

இருபது விநாடி

அடைப்பைவிடப் பெரிய ஆபத்து, அடைப்பை எடுக்கப் போவதில் இருக்கிறது.

தொட்டியில் ஒன்றும் விழவில்லை. "உள்ளே இறங்கிக் குத்திவிட்டு வருகிறேன்" என்று ஓர் ஆள் இறங்குகிறார். மேல்பரப்பு கெட்டியாக இருக்கிறது. அதன் மேல் நடக்கிறார். அடியில் வெற்றிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. வளைவு உடைகிறது. ஆளும் தவிடும் சேர்ந்து உள்ளே!

நெல் தொட்டியில் இன்னொரு விதம். அடியில் வாய் திறந்திருக்கும்போது, மேலே நிற்கும் ஆளை நெல் இழுக்கும். சில விநாடியில் முழங்கால் வரை புதையும். அப்போதே காலை எடுக்க முடியாது. ஏறக்குறைய 20 விநாடியில் தலையும் மறைந்துவிடும் என்கிறார்கள்.

நீச்சல் தெரிந்தவனும் நெல்லில் நீந்த முடியாது. தண்ணீர் விலகிக் கொடுக்கும். நெல் பிடித்துக்கொள்ளும். சொம்பில் கரண்டிக் காம்பைப் பிடித்ததே, அதே பிடி! மார்பு வரை புதைந்தவரைக் கையைப் பிடித்து இழுத்தால் வரமாட்டார். மூச்சு விடும்போது மார்பு சுருங்கும். அந்த இடத்தில் நெல் புகுந்துவிடும். அடுத்த மூச்சு இழுக்க இடம் இராது.

அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். ஒரு வீட்டில் கேட்கவேண்டிய அழுகை, இரண்டு வீட்டில் கேட்கும்.

நெருப்பும் தூசியும்

குவியலாகக் கிடக்கும் மாவில் நெருப்பு வைத்தால் மெதுவாகக் கருகும். அதே மாவு காற்றில் பறந்தால்? பக்கென்று பற்றும்!

ஆரணிப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். தீவட்டியின் மேல் குங்கிலியப் பொடியை வீசினால் நெருப்பு ஜுவாலையாக எழும்பும். கட்டியாக இருந்தபோது சாதுவாக இருந்த பொருள், பொடியாகிக் காற்றோடு கலந்ததும் குணம் மாறிவிடுகிறது. திறந்த வெளியில் இது வேடிக்கை. நாலு சுவருக்குள் இது வெடிகுண்டு.

1785 டிசம்பர் 14ந் தேதி, இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு மாவுக் கிடங்கு வெடித்தது. மேலேயிருந்து சரிந்த மாவு புகை போலப் பரவியது. அங்கே இருந்த விளக்கு அதைப் பற்றவைத்துவிட்டது.

1878 மே 2ந் தேதி, அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் மிகப் பெரிய மாவு ஆலை வெடித்துத் தரைமட்டமாயிற்று. 18 பேர் இறந்தார்கள்.

பழைய காலத்துக் கதை என்று எண்ணவேண்டாம். 2008 பிப்ரவரி 7ந் தேதி, அமெரிக்காவில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் சர்க்கரை ஆலை ஒன்றில் சர்க்கரைத் தூசி வெடித்தது. 14 பேர் பலியானார்கள். காப்பியில் போடும் சர்க்கரை!

முதல் வெடி சிறியதாக இருக்கலாம். அது உத்தரத்திலும் தகட்டிலும் படிந்திருக்கும் தூசியை உலுக்கிக் கிளப்பும். கிளம்பிய தூசி இரண்டாவது தடவை வெடிக்கும். கட்டிடத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வெடிதான்.

ஆகவே, ஆலையில் துடைப்பம் பிடிக்கிறவர் செய்வது சின்ன வேலை அல்ல. அவர் ஆலையையே காப்பாற்றுகிறார். நெல்லோடு வரும் ஆணியைப் பிடிக்கும் காந்தமும், தூசியை உறிஞ்சும் யந்திரமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எலிவேட்டர் பட்டை வழுக்கினாலோ, தாங்கி சூடேறினாலோ உடனே நிறுத்தவேண்டும்.

எழுதி ஒட்டவேண்டிய ஐந்து வரி

இந்த ஆபத்துகள் சட்டம் செய்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36வது பிரிவு, தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் ஆள் இறங்குவது பற்றியது. 37வது பிரிவு, வெடிக்கக்கூடிய தூசி பற்றியது. 2020ல் இதற்குப் புதிய சட்டத் தொகுப்பும் இயற்றப்பட்டது.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. தொட்டியின் பக்கத்திலும் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஆலையிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டிய வரிகள் இவை:

1. தொட்டி அடைத்தால் உள்ளே இறங்காதே. வெளியிலிருந்து நீண்ட கம்பால் குத்து.

2. இறங்கியே தீரவேண்டும் என்றால், முதலில் யந்திரத்தை நிறுத்து. அடி வாயை மூடு. சுவிட்சைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்.

3. இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இல்லாமல் இறங்காதே. கயிற்றின் மறுமுனை மேலே கட்டியிருக்கட்டும். பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

4. யாராவது புதைந்துவிட்டால் குதிக்காதே. யந்திரத்தை நிறுத்து. சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடு. தீயணைப்புப் படைக்கு 101க்குப் போன் செய். புதைந்தவரைச் சுற்றிப் பலகையோ தகடோ செருகித் தடுத்து, உள்ளே இருக்கும் நெல்லை அள்ளி எடுத்தால்தான் அவரை மீட்க முடியும்.

5. தூசி பறக்கும் இடத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் கூடாது.

ஆலையில் வேலை செய்கிறவர்கள் மட்டும் இதைத் தெரிந்துகொண்டால் போதாது. அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளவேண்டும். "இன்று தொட்டிக்குள் இறங்கினாயா? கயிறு கட்டினார்களா?" என்று மனைவி கேட்கவேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, இந்த ஐந்து வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டவேண்டும். நெல் குவியலிலும் உமி மலையிலும் குழந்தைகளை ஏறி விளையாட விடக்கூடாது. அது மணல் மேடு அல்ல. சரிந்தால் மூடிவிடும்.

நாம் சாப்பிடும் ஒவ்வொரு கைப்பிடி அரிசியும் குழி, எலிவேட்டர், தொட்டி, புனல் எல்லாவற்றையும் தாண்டித்தான் இலைக்கு வருகிறது. அதை அனுப்பிவைத்தவர்கள், மாலையில் பத்திரமாக வீடு திரும்பவேண்டும். ஒரு தொட்டி அடைத்தால், ஆலை அரைநாள் நிற்கும். அவ்வளவுதான். அந்த அரைநாள் நஷ்டத்தை அடுத்த நாள் ஈடு செய்துவிடலாம்.